சங்கம் மாடி ஏறிய வருஷம்

சங்கங்களில் வசூல் வேலைக்கும் அலுவலக வேலைக்கும் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு எழுதுவது. என் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு இந்தக் கை எழுதியதெல்லாம் ரசீதுதான். ஒரு பெயர், ஒரு மாதம், ‘பெற்றுக்கொண்டேன்’ என்று ஒரு சொல். இதற்கு மேல் எதை எழுதினாலும் வரி கோணிக்கொண்டு தாளின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. ல, ள, ழ மூன்றில் எது எங்கே வரவேண்டும் என்பதிலும் எனக்கு இன்னும் தீர்மானம் இல்லை. தப்பாகத் தெரிந்தால் சரியானதை நீங்களே போட்டு வாசித்துக்கொள்ளுங்கள்.

இதை நேரில் சொல்லத்தான் போன வருஷம் என்னை அழைத்தார்கள். எழுந்து நின்றேன். எதிரே அத்தனை முகங்கள். மேசைமேல் இருந்த தண்ணீரைக் குடித்தேன். தாகம் போலிருக்கிறது என்று இன்னொரு தம்ளர் கொடுத்தார்கள், அதையும் குடித்தேன். “வணக்கம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சுருக்கமாகப் பேசியதற்காக நன்றாகக் கைதட்டினார்கள். அன்று தண்ணீரோடு விழுங்கியதை இப்போது எழுதுகிறேன். ஒரு சங்கம் இடம் மாறினால் அதன் பணத்துக்கு என்ன ஆகும் என்பதுதான் விஷயம்.

நான் வேலை பார்த்தது தூத்துக்குடியில், தோணிகளில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர்களின் சங்கத்தில். நம் ஊரில் கப்பல் கரைக்கு வராமல் எட்ட நின்றுகொள்ளும். சரக்கைத் தோணியில் கொண்டுபோய் அதற்கு ஊட்டிவிட வேண்டும். எங்கள் அலுவலகம் கடற்கரையில் ஒரு கிட்டங்கிக்கு, அதாவது சரக்குக் கிடங்குக்கு, பின்னால் இருந்தது. முன்பு கயிறு அடுக்கி வைத்திருந்த அறை. சன்னல் கிடையாது. மழை வந்தால் வெளியே நிற்பது மேல்.

அந்த அறையின் சிறப்பு அதன் சுவர். நாலு சுவரிலும் ஆணி. ஒவ்வொரு அங்கத்தினருக்கும் ஒரு ஆணி. காலையில் வருவார்கள், வேட்டியை அவிழ்த்துத் தன் ஆணியில் மாட்டுவார்கள், கோவணத்தோடு தோணி ஏறுவார்கள். சாயங்காலம் உப்பும் நிலக்கரியும் வழிய வந்து, கிணற்றடியில் உடம்பை நனைத்துவிட்டு, காய்ந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு மனிதர்களாக வீட்டுக்குப் போவார்கள். சனிக்கிழமை கூலி நாள். அன்று வேட்டியை எடுக்கும்போதே சந்தாவை டப்பாவில் போட்டுவிடுவார்கள்.

உலகச் சண்டை முடிந்தும் துணிக் கட்டுப்பாடு முடியாத காலம் அது. நல்ல வேட்டிக்கு ரேஷன் அட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். கரையில் கழற்றி வைத்த வேட்டி, தோணி திரும்பும்போது வேறு ஒருவர் இடுப்பில் ஊருக்குள் போயிருக்கும். இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்று நாங்கள் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

நான் உள்ளே வாசலை ஒட்டி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ஒருவரிடமும் சந்தா கேட்டதில்லை, கேட்க எனக்கு வெட்கம். டப்பாவைப் பார்ப்பேன், அவர்களும் பார்ப்பார்கள், காசு விழும். என் முகராசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தலைவர், அது தன் பேச்சின் பலன் என்று நினைத்தார். கமிட்டியில் மற்றவர்கள் ஒற்றுமை என்றார்கள். யாருமே சுவரைப் பார்க்கவில்லை.

வந்த காசு போகும் வழியும் நேரானது. அடிபட்டுப் படுத்த அங்கத்தினர் வீட்டுக்கு, அவர் எழுந்து நடக்கும்வரை வாரம் தவறாமல் அரிசிக்காசு. அந்த வருஷம் திரேஸ்புரத்துச் சவரிமுத்துவின் கால்மேல் உப்பு மூட்டை சரிந்து எலும்பு முறிந்துவிட்டது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய வைத்தியர், ஈஸ்டர் வரைக்கும் காலைத் தரையில் ஊன்றக் கூடாது, ஊன்றினால் கோணிக்கொள்ளும், அப்புறம் ஆயுசுக்கும் மூட்டை தூக்க முடியாது என்று சொல்லியிருந்தார். சனிக்கிழமை தோறும் நான் அரிசிக்காசைக் கொண்டுபோய்க் கொடுத்து வந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் மதுரையிலிருந்து ஒரு பெரிய சங்கத்தின் காரியதரிசி எங்களைப் பார்க்க வந்தார். கதர் ஜிப்பா, தங்க பிரேம் கண்ணாடி. உட்கார இடம் தேடி, சுவரை ஒட்டிப் போட்டிருந்த ஒரே நாற்காலியில் அவரை உட்கார வைத்தோம். தொழிலாளர் எழுச்சி பற்றி அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, மேலே ஒரு ஆணியில் தொங்கிய ஈரக் கோவணம் அவர் உச்சந்தலையில் சொட்ட ஆரம்பித்தது. மரியாதஸ்தர், நிமிர்ந்து பார்க்கவில்லை. கூரை ஒழுகுகிறது என்று நினைத்துக்கொண்டார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

எங்கள் தலைவருக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லையாம். தலைவர் ஊருக்குள் பெரிய பலசரக்குக் கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர், கைச்சுத்தம். மேடை என்று ஒன்றைக் கண்டால் மட்டும் கால் தானாக ஏறிவிடும். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், சங்கம் ஊருக்குள் ஒரு மாடி வீட்டுக்கு மாற வேண்டும் என்றார்.

“வாடகை எம்புட்டு அண்ணாச்சி?” என்று பொருளாளர் கேட்டார். அவர் பழைய தோணிக்காரர்.

“இப்பக் குடுக்கதவிட மூணு மடங்கு. ஆனா செவப்புச் சிமிண்டுத் தரை. முகம் பாக்கலாம்.”

“மூட்டை தூக்குதவன் மொகத்தத் தரையில பாத்து என்ன செய்ய?”

“அப்படிச் சொல்லாதீரு வே. அவனுக்கும் ஒரு கவுரவம் வேண்டாமா? மின்சார விசிறி இருக்கு. மதுரைக்காரர் இன்னொரு தடவ வந்தா அவரு தலை காயும்.”

விசிறி என்றதும் நானும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து வியர்த்தவனுக்குத்தானே தெரியும். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வாடகை, அட்வான்ஸ், மாட்டுவண்டிக் கூலி, புது போர்டு, கைவைத்த நாற்காலிகள், கரண்டு என்று ஒன்று விடாமல் செலவை எழுதினோம். வரவுக்குப் பழைய இடத்தில் வந்ததை அப்படியே தூக்கி வைத்தோம். இடம் மாறினால் வரவும் மாறலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வண்டியில் நாற்காலியோடு வரவும் ஏறிவிடும் என்று நினைத்தோம்.

குடிபோகும் முன் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “ஆணி?”

“புதுச் சுவர்ல ஆணி அடிக்கக் கூடாதுன்னு வீட்டுக்காரர் எழுதி வாங்கிட்டாரு,” என்றார் தலைவர். “அந்த அசிங்கமெல்லாம் இனிமே எதுக்கு?”

பழைய போர்டு துருப்பிடித்திருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டோம்.

திறப்பு விழாவுக்கு அங்கத்தினர் எல்லோரும் வந்தார்கள். தெருவிலேயே நின்றார்கள். உள்ளே வரச் சொன்னால் காலைப் பார்ப்பார்கள், தரையைப் பார்ப்பார்கள், “இருக்கட்டும் அண்ணாச்சி” என்பார்கள். தலைவர் மாடியில் நின்று, நமது பணிமனையின் உன்னத உயர்வு என்று மேடைத் தமிழில் வெகுநேரம் பேசினார். வந்தவர்கள் வாழைப்பழமும் வெற்றிலையும் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். ஒருவர் ரூபாயை மஞ்சள் தடவி வைத்தார். நான் அதை நன்கொடை என்று எழுதி ரசீது கொடுத்தேன். ரசீதை அவர் ஏன் அப்படி விநோதமாகப் பார்த்தார் என்று அன்று விளங்கவில்லை.

முதல் சனிக்கிழமை டப்பாவைத் துடைத்து மேசைமேல் வைத்து, விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன். விசிறி சுற்றியது. ஒருவரும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் விசிறி மட்டும் சுற்றியது. அந்த மாதம் வந்த ஒரே ஆள் வீட்டுக்காரர், வாடகைக்கு.

“நீரு போய்க் கேக்கணும் வே,” என்றார் தலைவர். “உக்காந்திருந்தா வருமா?”

அதுவரை உட்கார்ந்திருந்துதான் வந்தது. ஆனால் அதை எப்படிச் சொல்வது? கரைக்குப் போய் ஆண்களிடம் கேட்க வெட்கமாக இருந்தது. அவர்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வீடுகளுக்குப் போனேன். முதல் வீட்டிலேயே ஒரு பெண், முறத்தைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

“எந்தச் சந்தா? அவுகதான் சனிக்கிழம சனிக்கிழம சங்கத்துல குடுத்துட்டு வாராகளே?”

“எங்களுக்கு வரலியே, தாயி.”

“அப்ப நீங்க எந்தச் சங்கம்?”

அடுத்த வீட்டிலும் இதே பதில். புருஷன்மார் சந்தா என்று சொல்லிவிட்டுக் கள்ளுக்கடையில் கொடுக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். அதை அவர்கள் பெண்டாட்டிகளிடம் சொல்லும் தைரியம் இல்லாததால், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினேன். அன்று வாயைத் திறந்திருந்தால் எத்தனை வீட்டில் பானை உடைந்திருக்கும்! கூச்சமும் சில நாள் கைகொடுக்கும்.

கமிட்டி கூடியது. கையிருப்பு வாடகைக்குக் காணும், அல்லது சவரிமுத்துவின் அரிசிக்காசுக்குக் காணும். இரண்டுக்கும் காணாது.

“வாடகை பாக்கி வச்சா வீட்டுக்காரன் நாற்காலிய எல்லாம் தெருவுல போடுவான். சங்கத்துப் பேரு என்ன ஆகும்?” என்றார் தலைவர். அட்வான்ஸில் பாதியைத் தன் கடைப் பணத்திலிருந்து கொடுத்தவர் அவர். “சவரிமுத்து நம்ம ஆளு. கொஞ்ச நாளு பொறுத்துக்கிடுவான்.”

“நம்ம ஆளுன்னா பட்டினி கெடக்கணுமா?” என்றார் பொருளாளர்.

 கையிருப்பு வாடகைக்கே என்று முடிவாயிற்று. அதைச் சவரிமுத்துவிடம் சொல்லும் வேலை எனக்கு.

அது வியாழக்கிழமை. சவரிமுத்து கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, வலை பின்னுகிறவர்களுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

“வாரும் அண்ணாச்சி. சனிக்கிழம வாரவரு வியாழக்கிழம வந்திருக்கீரு. கையும் காலி, மொகமும் காலி. சங்கம் முங்கிட்டா?”

நான் விஷயத்தைப் பாதி சொன்னேன். மீதிப் பாதி அவனுக்கே விளங்கிவிட்டது. அவன் சிரித்தான்.

“சரி, போவட்டும். திங்கக்கிழம நான் தோணிக்குப் போறேன்.”

அடுப்படியில் இருந்த அவன் மனைவி பாக்கியம் வெளியே வந்தாள். “ஒத்தக் கால்ல நின்னு மூட்டை தூக்குவீகளோ? நீங்க என்ன கொக்கா?”

“கொக்கு பட்டினி கெடக்காதுல்லா? மீனு பிடிச்சுத் திங்கும்.”

“சிரிக்காதீக. காலு கோணிட்டுன்னா பொறவு ஆயுசுக்கும் நான் சொமக்கணும்.” அவள் என் பக்கம் திரும்பினாள். “ஒரு மனுசனுக்குக் கால் ஒட்டுதவரைக்கும் கஞ்சி ஊத்த முடியாத சங்கத்துக்கு மாடி எதுக்கு அண்ணாச்சி?”

சவரிமுத்து விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் எழுந்து போகும்போது கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கரைக்குப் போனேன். வெட்கம் என்று பார்த்தால் அவன் கால் போய்விடும். ‘சந்தா பாக்கி இருக்கு’ என்று வழியெல்லாம் சொல்லிப் பழகினேன். கிட்டங்கியைத் தாண்டித் திரும்பியதும், பழைய அறையின் வாசலில் நின்றுவிட்டேன்.

எங்கள் போர்டு அப்படியே தொங்கியது. அதன் கீழே இட்லிக் கொப்பரையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. உள்ளே நாலு சுவரிலும் வேட்டிகள். மனிதர்கள் வரிசையாக வந்து அவிழ்த்து மாட்டிவிட்டு, இரண்டு இட்லியை வாயில் போட்டுக்கொண்டு தோணிக்கு ஓடினார்கள். என் பெஞ்சில் ரோசம்மாள் உட்கார்ந்திருந்தாள். முன்பு தெருமுனையில் கூடை வைத்து இட்லி விற்றவள்.

ஒரு அங்கத்தினர் என்னைக் கண்டு முகம் மலர்ந்தார். “சொகமா அண்ணாச்சி? வேலைய விட்டுட்டீராமே? நல்ல காரியம், ஓய்வு வேணும்லா? சங்கத்துல இப்ப இந்த அக்காவப் போட்டிருக்காக. ஒம்ம கொற சொல்லல. ஆனா நீரு இருக்கும்போது வேட்டி கீழ விழுந்தாப் பாத்துக்கிட்டு இருப்பீரு. இது எடுத்து மடிச்சுல்லா வைக்குது.”

“நாங்க மாடிக்குப் போனோமே, தெரியாதா?”

“தெரியாம என்ன? தலைவர் வீடு குடிபோன அன்னைக்கு மொய் வச்சேனே, நீருதான ரசீது குடுத்தீரு? மொய்க்கு ரசீது குடுத்தத எங்க தெருவுல இன்னும் பேசிக்கிடுதாக.”

அவர் ஓடிவிட்டார். எனக்குக் கால் ஓடவில்லை. மாடி வீட்டைத் தலைவரின் சொந்த வீடு என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. சங்கம் என்றால் அவர்களுக்கு இந்தச் சுவர். சுவர் இங்கேதானே இருக்கிறது?

“என்ன அண்ணாச்சி, நின்னுக்கிட்டே இருக்கீக? உக்காருங்க,” என்று ரோசம்மாள் ஒரு தட்டை நீட்டினாள். என்ன பேசுவது என்று தெரியாதபோது சாப்பிடுவது என் வழக்கம். சாப்பிட்டேன்.

அவளே பேசினாள். “மாதா சத்தியமா நான் ஒருத்தர்ட்டயும் கேக்கல. இட்லிக்கடைன்னுதான் வாடகைக்கு எடுத்தேன். மறுநா காலையில வந்தானுவ, அவுத்தானுவ, மாட்டுனானுவ, போயிட்டானுவ. கடையா இது, கோவணச் சந்தையான்னு கத்துனேன். எவன் கேட்டான்? சனிக்கிழம ஆளுக்கொரு காசு எம் முன்னால வச்சிட்டுப் போனானுவ. வேண்டாம்னு சொல்ல எனக்கென்ன கிறுக்கா? நாளு பூரா வேட்டிக்குக் காவல் இருக்கேம்லா?”

“அது சங்கத்துக் காசு, ரோசம்மா.”

“போர்ட விட்டுட்டுப் போனீக, ஆணிய விட்டுட்டுப் போனீக, ஆளுகளையும் விட்டுட்டுப் போனீக. அப்ப என்னத்தத்தான் தூக்கிட்டுப் போனீக?”

“நாற்காலி,” என்றேன்.

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அன்று நான் செய்யக்கூடியது என்ன? கூச்சல் போட்டிருக்கலாம், நியாயம் என் பக்கம் இருந்தது. ஆனால் கூச்சல் போட்டால் இத்தனை பேரும் ஏமாந்தோமே என்று கூசிப்போவார்கள். கூசிய மனிதன் வேட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான், சந்தாவும் அவனோடு போகும். தலைவரிடம் ஓடிச் சொல்லியிருக்கலாம். அவர் போலீஸை அழைப்பார், ஊர் சிரிக்கும், சவரிமுத்து திங்கட்கிழமை தோணி ஏறுவான். ஆகவே சவரிமுத்துவின் சங்கதியை மட்டும் ரோசம்மாளிடம் சொன்னேன்.

அவள் கரண்டி நின்றது. “சவரிமுத்துக்கா காசு நின்னுபோச்சு? அந்தா பாரும், அவன் ஆணி. ஒரு பய துணி மாட்ட விடல நான்.” கொப்பரையை மூடினாள். “காசு குடுக்கேன். ஆனா ஒம்ம கையில குடுத்தா மாடி வாடகைக்குப் போயிரும். தலைவர இங்கன வரச்சொல்லும். மூஞ்சிக்கு நேரா பேசணும்.”

 தலைவர் வாய்க்கும் ரோசம்மாள் வாய்க்கும் நடுவில் நிற்க யாரால் முடியும்? யோசித்தேன். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழும்பும், தோணியெல்லாம் சேர்ந்து கரைக்கு வரும். அந்த நேரமாகப் பார்த்து அழைத்துப் போவது என்று வைத்துக்கொண்டேன். கணக்கை நான் வாயால் சொன்னால் தலைவருக்குக் கோபம்தான் வரும். கண்ணால் பார்த்தால் என்ன வரும் என்று எனக்கும் தெரியாது. ஆனாலும் அதுதான் மேல் என்று பட்டது.

“நாளைக்குக் கரையில அங்கத்தினரெல்லாம் கூடுதாக. நீங்க ரெண்டு வார்த்த பேசினா நல்லாருக்கும்,” என்று தலைவரிடம் சொன்னேன்.

அவர் எதையும் விசாரிக்காமல் புது அங்கவஸ்திரம் எடுத்து வைக்கச் சொல்லி வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

சனிக்கிழமை கிட்டங்கியைத் தாண்டும்போது, மெல்ல, காதோடு, முழுவதையும் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. போர்டைப் பார்த்தார், வேட்டிகளைப் பார்த்தார், இட்லிக்கடையின் காசு டப்பாவைப் பார்த்தார். ரோசம்மாள் இடுப்பில் கைவைத்து நிற்பதையும் பார்த்தார். நேரே உள்ளே போய் என் பழைய பெஞ்சின்மேல் ஏறி நின்றார். அந்நேரம் பார்த்துத் தோணிகளும் வந்துவிட்டன. ஈரமும் கரியுமாகக் கூட்டம் உள்ளே நுழைந்தது.

“அன்பார்ந்த தோழர்களே! நமது மகத்தான சங்கத்தின் பெயரை, இந்த இடத்தில், முறைகேடாக...”

“அண்ணாச்சி, லேசாத் தள்ளிக்கிடுங்க. ஒங்க முதுகுக்குப் பின்னால எம் வேட்டி.”

தலைவர் பெஞ்சிலேயே இடப்பக்கம் நகர்ந்தார். “...முறைகேடாக, சுயலாபத்துக்காக...”

“அண்ணாச்சி, இப்ப எம் வேட்டி மறையுது.”

வலப்பக்கம் நகர்ந்தார். அங்கும் ஒருவர் கோவணத்தோடு காத்துக்கொண்டிருந்தார். இப்படியாகத் தலைவர் அந்தப் பெஞ்சின்மேல் ஒரு முழுச் சுற்று சுற்றினார். யாரும் அவமரியாதையாக ஒன்றும் செய்யவில்லை. கையெட்டி வேட்டியை எடுத்தார்கள், கட்டினார்கள், அவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள், டப்பாவில் காசு போட்டார்கள். டணக். டணக். டணக்.

தலைவரின் பேச்சு நிற்கவில்லை. ஆனால் கண் டப்பாவுக்குப் போய்விட்டது. என்ன இருந்தாலும் கல்லாவில் உட்கார்ந்து வளர்ந்தவர். கூட்டம் மொய்க்கிற கடை எது, ஈ ஓட்டுகிற கடை எது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகத்தில் சிவப்பு இறங்கியது. குரல் மட்டும் அதே உயரத்தில் போனது.

“...முறைகேடாக, சுயலாபத்துக்காக எவரும் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காகவே, இன்று முதல் இந்த இடத்தை நமது சங்கத்தின் கடற்கரைக் கிளையாகத் திறந்து வைக்கிறேன்!”

“தொறந்துதான கெடக்கு?” என்றாள் ரோசம்மாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஒரே மூச்சில், ஒரே வாக்கியத்தில், ஒரு பெண்ணைக் கடையைவிட்டு விரட்டப் போன மனிதர் ஒரு கிளையைத் திறந்துவிட்டு இறங்கியதை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

பிறகு பேரம், கொப்பரைக்குப் பக்கத்தில், ஆவிக்கு நடுவில் நடந்தது. வாடகையில் சங்கம் பாதி, ரோசம்மாள் பாதி. இட்லிக்கடை அவளுடையது. வேட்டிக் காவலுக்கு அவளுக்கு ஒரு சம்பளம். டப்பாவுக்குப் பூட்டு, சாவி பொருளாளரிடம். தலைவர் ஒவ்வொன்றுக்கும் இழுத்தார், ரோசம்மாள் அவரைவிட நன்றாக இழுத்தாள். கடைசியில் தலைவர், “இன்னைக்கு விழுந்த காச வச்சு மொதல்ல மாடி வாடகைய...” என்று ஆரம்பித்தார்.

ரோசம்மாள் டப்பாவின்மேல் கரண்டியை வைத்தாள். “மொதல்ல காலு. பொறவு மாடி.”

தலைவர் அவளைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். “அவ சொல்லுதது சரிதான் வே,” என்றார். “வீட்டுக்காரனுக்கு நான் தவணை சொல்லிக்கிடுதேன். நீரு திரேஸ்புரத்துக்குப் போம்.”

அன்றைக்கே அந்த வாரத்து அரிசிக்காசைக் கொண்டுபோனேன். பாக்கியம் வாங்கி முடிந்துகொண்டாள். சவரிமுத்து, “திங்கக்கிழம போறதுக்கு மனசு தயாராயிட்டே அண்ணாச்சி,” என்றான்.

“மனசு போயிட்டு வரட்டும். காலு இங்கன கெடக்கட்டும்,” என்றாள் அவள்.

மாடி வீட்டுக்கு ஒரு வருஷம் எழுதிக் கொடுத்துவிட்டோம், அதை விட முடியாது. கீழ்த்தளத்தை டைப்ரைட்டிங் வகுப்பு நடத்துகிறவர் ஒருவருக்கு உள்வாடகைக்கு விட்டோம். வீட்டுக்காரர் ஆணிக்குத்தான் தடை போட்டிருந்தார், டைப்ரைட்டருக்குப் போடவில்லை. மேலே தலைமை அலுவலகம் என்ற பெயரில் விசிறியும் நாற்காலிகளும் இருந்தன. கிளை சம்பாதித்தது, தலைமை சாப்பிட்டது. வருஷம் முடிந்ததும் நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக் கடற்கரைக்கே கொண்டுவந்தோம். ஆண்டறிக்கையில் தலைவர், ‘தலைமை அலுவலகம் கிளையோடு இணைந்து மேலும் விரிவடைந்தது’ என்று எழுதச் சொன்னார். நான் எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போனது. விஷயம் கோணலாக இருந்ததால் யாரும் குறை சொல்லவில்லை.

நீங்கள் வேலை பார்க்கும் சங்கமும் ஒரு நாள் இடம் மாறத் தீர்மானிக்கும். செலவைக் கூட்டிப் பார்க்க நிறையப் பேர் இருப்பார்கள். நீங்கள் வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று பாருங்கள். தலைவர் பேச்சுக்காக வருகிறார்கள் என்றால் எங்கே வேண்டுமானாலும் மாறலாம். ஆணிக்காக வருகிறார்கள் என்றால் ஆணியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போங்கள். இதுதான் நான் அன்று பேசாமல் விழுங்கிய பேச்சு. ஆனால் ஆணி ஒன்றுதான் காரணம் என்று முடித்துவிடவும் எனக்கு மனம் வரவில்லை. சவரிமுத்துதான் அதற்குக் காரணம்.

மாடி இன்னும் எங்கள் கையில் இருந்தபோதே, ஈஸ்டர் கழிந்த வாரம் அவன் வந்தான். லேசாகக்கூட நொண்டவில்லை. காலையில் தன் ஆணியில் வேட்டியை மாட்டிவிட்டுத் தோணி ஏறினான். சனிக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்து, வேட்டியைக் கட்டிக்கொண்டு டப்பாவுக்குப் பக்கத்தில் காசோடு நின்றான். தலைவரும் அன்று அங்கே இருந்தார். கிளை திறந்த நாளிலிருந்து எந்தச் சனிக்கிழமையும் அவர் தவறுவதில்லை.

ரோசம்மாள் டப்பாவைக் கையால் மூடினாள். “எடுத்துட்டுப் போலே. இத்தன நாளு படுத்துக் கெடந்துட்டு இப்பத்தான் ஒரு வாரம் கூலி வாங்கியிருக்க. ஒன் ஆணிக்கு நான் காசு கேட்டேனா?”

“ஆணிக்குன்னு யாரு ஏளா சொன்னா?” என்றான் சவரிமுத்து. அவள் கையைத் தள்ளிவிட்டுக் காசைப் போட்டான். பிறகு தலைவரின் கால்களைக் கொஞ்ச நேரம் கவலையோடு பார்த்தான். “அண்ணாச்சி இன்னும் அந்த வழவழத் தரையில தெனமும் நடக்காக. நாளைக்கு வழுக்கி விழுந்து படுத்தாகன்னா, அவுக வீட்டுக்கு அரிசிக்காசு எங்கேருந்து வரும்?”

முதலில் சிரித்தவர் தலைவர்தான். சிரித்துக்கொண்டே மடியில் கைவிட்டு, சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து அதுவரை போடாத தன் சந்தாவை எடுத்து டப்பாவில் போட்டார். நான் ரசீது எழுதிக் கொடுத்தேன்.

ஆத்தூர்,
1949-ஆம் வருஷம், மாட்டுப் பொங்கலன்று.